சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பொய் சொல்லலாமா?

"பொய் சொல்லக்கூடாது" என்பது பிள்ளை மழலை பேசத் தொடங்கிய சில மாதங்களிலேயே அதற்குக் கற்பிக்கப்படும் அறமாகும். ஏடு தொடக்குவதற்கு முன்னரே இந்தப் பாடம் தொடங்கிவிடுகின்றது. ஆனால் அதே பிள்ளை ஒரு நாளிலே தன் காதாற் கேட்கின்ற பொய்கள் எத்தனை என்று எவரேனும் எண்ணிப் பார்ப்பாராயின் வியப்படைவார். அவற்றைச் சொல்பவர்கள் அயலவர் அல்லர். பெற்ற தாயும் தந்தையும், அம்மம்மாவும் அப்பப்பாவும், மாமியும் சித்தியுமே ஆவர்.

சோறு தீத்தும்போது "இதுதான் ராசா கடைசி வாய்" என்று சொல்லப்படுகின்றது. அந்தக் கடைசி வாய்க்குப் பின்னர் இன்னும் ஆறு வாய் தீத்தப்படுகின்றது. ஏழாவது வாய்க்கு முற்றத்துக் காகம் துணைக்கு அழைக்கப்படுகின்றது. கிணற்றுக்குள்ளே பூதம் இருக்கின்றது. மத்தியானம் நித்திரை கொள்ளாத பிள்ளையைக் கொண்டுபோகப் பிள்ளைபிடிகாரன் சாக்கோடு படலையில் நிற்கின்றான். கடையிலே ரொபி முடிந்துவிட்டது. கைத்தொலைபேசியிலே சார்ஜ் இல்லை. மருந்து கசக்காது, ஊசி நோகாது. இரவு விளக்கு அணைந்த பின்னும் கதைத்துக்கொண்டிருந்தாற் சாமி கண்ணைக் குத்தும்.

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே ஏமாற்றுதலுக்குப் "பேய்க்காட்டுதல்" என்றொரு சொல் வழங்கி வருகின்றது. சந்தையிலே நிறையில் ஏமாற்றப்பட்டவர் "என்னைப் பேய்க்காட்டிப் போட்டான்" என்று கோபிப்பார். அச்சொல்லின் பிறப்பு எதுவாயினும் ஆகுக. சந்தையிற் கோபத்தை உண்டாக்கும் அதே செயல் வீட்டுத் திண்ணையிலே பிள்ளை வளர்ப்பு என்ற பெயரைப் பெறுகின்றது என்பது சிந்திக்கற்பாலது. "இதெல்லாம் ஒரு பொய்யா? எங்களையும் இப்படித்தானே வளர்த்தவை" என்று மூத்தோர் கேட்பர். அக்கேள்வியைத் தட்டிவிடுதல் முறையன்று. அதனுள்ளே நியாயமும் உண்டு.

முதலிலே பிரித்தறிய வேண்டியது ஒன்றுண்டு. பிள்ளையோடு சேர்ந்து கற்பனை செய்தல் வேறு, பிள்ளைக்குப் பொய் சொல்லுதல் வேறு. பிள்ளைத்தமிழ் நூல்களிலே அம்புலிப் பருவம் என்றொரு பருவம் உண்டு. பாட்டுடைப் பிள்ளையோடு விளையாட வருமாறு வானத்து நிலவை அழைக்கும் புலவர் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் அந்த நிலவின் மீது கையாள்வது மரபு. புகழ்ந்து பார்ப்பார், வேறுபடுத்திக் காட்டுவார், கொடுப்பதாகச் சொல்வார், ஈற்றில் வெருட்டியும் பார்ப்பார். குமரகுருபரர் முதலாயினோர் பாடிய அப்பாடல்களை எவரும் பொய் என்று சொன்னதில்லை. முற்றத்திலே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலவைக் கூப்பிடும் தாயும் பொய் சொல்பவள் அல்லள்.

மூன்று வயதுப் பேத்தி சிரட்டையிலே மண்ணைக் குழைத்து, "அப்பப்பா, தேத்தண்ணி குடியுங்கோ, சுடும், ஊதிக் குடியுங்கோ" என்று நீட்டுகின்றாள். கிழவர் ஊதுகின்றார், உறிஞ்சும் ஓசை செய்கின்றார், "சீனி காணாது பிள்ளை" என்கின்றார். பேத்தி ஓடிப்போய் இன்னும் ஒரு பிடி மண் கொண்டுவருகின்றாள். ஆனால் அந்தக் கிழவர் உண்மையாகவே சிரட்டையை வாயில் வைத்து மண்ணைக் கடிப்பாராயின், "ஐயோ அது மண்!" என்று முதலிற் கத்துபவள் அந்தப் பேத்தியாகத்தான் இருப்பாள். விளையாட்டிலே இருவருக்கும் உண்மை தெரியும். பொய்யிலே ஒருவருக்கு மட்டுமே தெரியும். வேறுபாடு இவ்வளவுதான், ஆனால் இது சிறிய வேறுபாடன்று.

திருவள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்திலே, பிறருக்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வகுத்து, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று இடம் கொடுத்திருக்கின்றார். மேனாட்டு மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1797 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றிலே, நண்பனைக் கொல்லத் தேடி வந்தவன் கேட்டாற்கூடப் பொய் சொல்லுதல் தகாது என்று வாதித்தார். காண்டின் நெறி வீடுகளுக்கு ஒத்துவராது. அவர் இளமையிற் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சில காலம் கற்பித்தவரெனினும், மணம் செய்யாது வாழ்ந்தவர். தம் பிள்ளைக்கு மருந்து பருக்கிய அனுபவம் அவருக்கு இல்லை. வள்ளுவர் நெறியே வாழ்க்கைக்கு அணித்தானது. ஆயினும் வள்ளுவர் திறந்துவிட்ட வாயில் அகலமானதன்று. நன்மை வேண்டும், அந்த நன்மையிலே குற்றம் இருத்தலாகாது என்ற இரண்டையும் அவர் கேட்கின்றார்.

"கசக்காது" என்ற சொல்லை இவ்வளவையால் அளந்து பார்க்கலாம். மருந்து உள்ளே போனது நன்மை. ஆனால் முதற் கரண்டி நாவிற் பட்ட கணமே அச்சொல் பொய்யென்று வெளிப்பட்டுவிடும். இரண்டாங் கரண்டிக்கு அது உதவாது. அப்போது இருவர் கையையும் காலையும் பிடிக்க, மூன்றாமவர் மூக்கைப் பிடிக்க வேண்டியதாகின்றது. பாதி மருந்து சட்டையிலே சிந்துகின்றது. "கசக்கும், குடிச்சாப் பிறகு ஒரு கற்கண்டு தாறன்" என்று சொல்லப்பட்ட பிள்ளையும் முகத்தைச் சுளிக்கத்தான் செய்யும், சிலவேளை துப்பவும் செய்யும். ஆனால் அடுத்த முறை அம்மா சொல்வதைக் கேட்க அதற்கு ஒரு காரணம் மிஞ்சியிருக்கும். இலங்கையிலே 3 வயதிற் போடப்படும் தடுப்பூசிக்கு வரும் பிள்ளை நன்றாகப் பேசக்கூடிய பிள்ளை. கிளினிக் வாங்கிலே இருந்துகொண்டு "நோகுமா அம்மா?" என்று கேட்கும். "கொஞ்சம் நோகும். அம்மா கையைப் பிடிச்சுக்கொண்டு இருப்பன்" என்பதில் இருபகுதி இருக்கின்றது, இரண்டும் உண்மை.

சைவர்கள் அறிந்த கதைகளுள்ளே மாக்கரைத்த நீரைப் பாலென்று பருகிய பிள்ளைகள் இருவர் உளர். இருவர் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் குறைவு.

ஒருவன் துரோணரின் மகன் அசுவத்தாமன். செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைக் கண்டு அவன் தானும் பால் கேட்டு அழுதான். வறியவரான துரோணர் பசுவொன்று பெற அலைந்தும் கிடைக்கவில்லை. மற்றப் பிள்ளைகள் மாவை நீரிற் கரைத்துக் கொடுக்க, அதைக் குடித்துவிட்டு, பால் குடித்துவிட்டேன் என்று அவன் துள்ளி ஆடினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தனர். அந்த ஆட்டத்தைக் கண்ட தந்தையின் நெஞ்சு பொறுக்கவில்லை என்பதை ஆதிபருவத்திலே துரோணர் தம் வாயாலேயே வீட்டுமருக்குச் சொல்கின்றார். அந்த அவமானமே அவரைப் பழைய தோழனான துருபதனிடம் கொண்டுபோயிற்று. அங்கே பெற்ற அவமதிப்புப் பகையாயிற்று. பகை குருக்ஷேத்திரம் வரை வந்தது. பதினைந்தாம் நாட்போரிலே துரோணரை வீழ்த்தியதும் ஒரு பொய்யே. அதுவும் அதே மகனின் பெயராற் சொல்லப்பட்ட பொய். பொய்யே அறியாத தருமரின் வாயிலிருந்து அது வந்தபடியாற்றான் துரோணர் நம்பினார்.

மற்றவன் உபமன்னியு. அவனும் பால் கேட்டான். அவன் வீட்டிலும் பால் இல்லை. தாய் மாவை நீரிற் கரைத்துக் காய்ச்சிக் கொடுத்தாள். ஆனால் உபமன்னியு முன்னரே ஓரிடத்திற் பாலின் சுவை அறிந்தவன். "அம்மா, இது பால் இல்லை" என்று சொல்லிவிட்டான். அந்தக் கணத்திலே தாய்க்கு இரண்டு வழிகள் இருந்தன. "இதுதான் பால், பேசாமற் குடி" என்று அதட்டியிருக்கலாம். பல வீடுகளிலே நடப்பது அதுவே. மகாபாரதத்து அநுசாசன பருவத்திலே அவள் அவ்வாறு செய்யவில்லை. பிள்ளையை அணைத்து, உச்சி மோந்து, காட்டிலே தவம் செய்து வாழும் எங்களுக்குப் பாலேது என்று உள்ளதைச் சொல்லி, தருபவன் சிவன் ஒருவனே என்று காட்டினாள். அதன் பின்னர்தான் தவமும் பாற்கடலும். உமாபதிசிவம் அருளிய கோயிற் புராணத்திலே கதை சற்று வேறுபட்டு, வியாக்கிரபாதரின் மகனாகத் தில்லையிலே பாற்கடல் பெறுகின்றான். எந்த வகையிற் சொன்னாலும், "இது பால் இல்லை" என்று பிள்ளை சொன்ன சொல்லை எவரும் மறுக்கவில்லை. பாற்கடலைப் பற்றிப் பேசாத பிரசங்கி இல்லை. மாத்தண்ணீரைக் கொடுத்த கையாலேயே உண்மையையும் கொடுத்த தாயைப் பற்றிப் பேசுவோர் அரிது.

வறுமையை மறைக்கச் சொல்லும் பொய்யை எவராலும் கடிந்துகொள்ள முடியாது. பிள்ளையை வெருட்டச் சொல்லும் பொய்க்கு அத்தகைய மன்னிப்பில்லை. "பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகும்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, தேர்த்திருவிழாச் சனத்துக்குள்ளே தாயின் கையை விட்டுவிட்டால், தன்னை ஒலிபெருக்கி இருக்குமிடத்துக்குக் கொண்டுபோகக்கூடிய பொலிஸ்காரரைக் கண்டு மற்றப் பக்கம் ஓடும். கிணற்றுப் பூதத்துக்கு ஆயுள் நான்கு வயது வரைதான். ஐந்து வயதிலே பூதம் இல்லையென்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்; கட்டிலே ஏறுவதற்கு வேண்டிய உயரமும் அப்போதுதான் வரும். உள்ளபடியான ஆபத்தைச் சொல்லாமற் பொய்யான ஆபத்தைச் சொல்லி வைத்ததன் பயன், காவல் வேண்டிய வயதிலே காவல் இல்லாமற் போவதாகும். கட்டை உயர்த்திக் கட்டுவதும் வலை போடுவதும் பூதத்தை விடச் செலவான காரியங்கள்தான்.

இவை எல்லாவற்றிலும் ஆலயத்தோடு தொடர்புடையது "சாமி கண்ணைக் குத்தும்" என்பது. திரை விலகித் தீபாராதனை நடக்கும்போது எல்லோரும் கண்ணைத் திறந்து கும்பிட, சில பிள்ளைகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பதைக் காணலாம். பக்தி என்று பெரியோர் மகிழ்வர். காலையிலே அறுசுவைப் படையலில் ஒரு மோதகத்தை எடுத்துக் கடித்த குற்றம் அந்த மூடிய கண்களுக்குப் பின்னே இருக்கக்கூடும். திருக்காளத்தியிலே தன் கண்ணைத் தோண்டி அப்பிய வேடனை, மற்றக் கண்ணையும் தோண்டவிடாது கையைப் பிடித்து நிறுத்தியவனாகவே பெரியபுராணம் இறைவனைக் காட்டுகின்றது. கண் போகாமற் காத்த கைக்குக் கண்ணைக் குத்தும் கை என்று பெயர் வைப்பது பிள்ளைக்குச் சொல்லும் பொய் மட்டுமன்று, சுவாமியின் மேற் சொல்லும் பொய்யுமாகும்.

பிள்ளை தானே சொல்லும் பொய்யைப் பற்றியும் சிறிது பேசத்தான் வேண்டும். அது சொல்லும் முதற்பொய் வீட்டாருக்குப் பெருஞ்சிரிப்பைத் தருவது.

"ஆர் சீனி எடுத்தது?"

"பூனை."

"பூனை எப்பிடிப் போத்தில் மூடியைத் திறந்தது?"

"கையாலை."

"அப்ப பூனையின்ரை சொண்டிலை சீனி ஒட்டியிருக்குமே?"

உடனே ஒரு சின்னக் கை தன் சொண்டைத் துடைத்துக்கொள்கின்றது.

இவ்வயதுப் பொய் கெட்ட குணத்தின் அறிகுறியன்று. தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற அறிவு பிள்ளைக்கு மெல்ல மெல்லவே அரும்புகின்றது. 1983 ஆம் ஆண்டிலே விம்மர், பேர்னர் என்னும் ஆய்வாளர் இருவர், ஒரு சிறுவன் வைத்துவிட்டுப் போன சொக்கிலேற்றைத் தாய் வேறோர் அலுமாரிக்கு மாற்றிய கதையைச் சொல்லி, திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான் என்று பிள்ளைகளைக் கேட்டனர். 3 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்போது இருக்கும் இடத்தையே காட்டின. 4 வயதுக்குப் பின்னரே, அவன் அறிந்திருக்கும் இடத்திலே தேடுவான் என்ற விளக்கம் கூடிவந்தது. ஆகவே பூனைமேற் பழி போட்ட பிள்ளை அறிவின் ஒரு படியில் ஏறியிருக்கின்றது. கொஞ்சம் தடுமாறிக்கொண்டு ஏறியிருக்கின்றது.

அதன் பிறகு அது எந்தப் பக்கம் நடக்கும் என்பதிலே வீட்டாருக்குப் பங்குண்டு. பிள்ளைகளின் பொய்க்குக் கற்பிப்போரே காரணர் என்ற கருத்தை ரூசோ 1762 இல் வெளியிட்ட 'எமில்' என்னும் நூலிலே முன்வைத்தார். 2014 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்து ஆய்வாளர் இருவர் இதனைச் சோதித்து வெளியிட்டனர். அடுத்த அறையிலே பெரிய கிண்ணம் நிறைய இனிப்பு இருக்கின்றது என்று சில பிள்ளைகளை அழைத்துச் சென்று, பின்னர் அது பொய்யென்று ஒப்புக்கொண்டனர். மற்றவர்களுக்குப் பொய் சொல்லவில்லை. தொடர்ந்து நடந்த விளையாட்டிலே, பார்க்கக்கூடாது என்று சொல்லப்பட்ட பொருளைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததும், பார்க்கவில்லை என்று சாதித்ததும், பொய் சொல்லப்பட்ட 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடையே அதிகமாக இருந்தன. அதற்குக் குறைந்த வயதினரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. சின்னது, அதற்கு விளங்காது என்ற சமாதானம் 4 வயது வரைக்கும் செல்லுபடியாகலாம். பள்ளிக்கூடம் போகும் வயதிற் செல்லாது.

தடியும் இங்கே வந்து சேர்கின்றது. வேலியிலே முறித்த கிளுவந்தடியைக் கையில் வைத்துக்கொண்டு "உள்ளதைச் சொல்லு, அடிக்க மாட்டன்" என்று கேட்பது வழக்கம். "நான்தான் உடைச்சன்" என்று சொன்னதும் அடி விழுகின்றது. உண்மைக்கு அடியும் பொய்க்கு விடுதலையும் கிடைக்கும் வீட்டிலே பிள்ளை எதைக் கற்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. சீகாழிக் குளக்கரையிலே பால் வழிந்த வாயோடு நின்ற மூன்று வயது மகனிடம், ஆர் தந்த பால் என்று கேட்டு ஓங்கிய கோல் சிவபாத இருதயரின் கையிலும் இருந்தது. பிள்ளை விரலாற் காட்டிப் பாடிற்று. கோல் விழவில்லை, பிள்ளை காட்டிய திசையை நோக்கினார் தந்தை.

பொய்களுள்ளே மிகச் சாதாரணமானதும் மிக ஆழமாகக் காயப்படுத்துவதும் பிரிவு நேரத்துப் பொய்யாகும். வேலைக்குப் போகும் தாய், பிள்ளை அழும் என்று அஞ்சி, அம்மம்மா முற்றத்திலே கோழியைக் காட்டிக்கொண்டிருக்க, பின்படலையால் நழுவுகின்றாள். அழுகை தவிர்க்கப்படவில்லை, தாய் கேளாத நேரத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. நாலு நாள் சென்றதும் அப்பிள்ளை தாய் குளிக்கப் போனாலும் கிணற்றடி வரை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வரும். பிள்ளை செல்லம் கூடிப்போச்சு என்று பழி அதன்மேல் விழும். மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மார் எத்தனையோ பேர், பிள்ளை நித்திரையாக இருக்கும் சாமத்திலே வான் ஏறினர். "சந்தைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிப் போனவர்களும் உளர். 2013 இல் வந்த விதிகள் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் அவ்வாறு செல்வதைக் கட்டுப்படுத்தின; பின்னர் அவை தளர்த்தப்பட்டன. போகலாமா கூடாதா என்று சட்டம் சொல்லும். போகும்போது பிள்ளைக்கு என்ன சொல்வது என்பதைச் சட்டம் சொல்லாது. "அம்மா தூரத்துக்கு வேலைக்குப் போறன். கனநாள் செல்லும். ஒவ்வொரு கிழமையும் ரெலிபோன் எடுப்பன்" என்று மடியில் வைத்துச் சொன்னால் அந்த வீட்டிலே ஓர் இரவு முழுதும் அழுகை இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை சந்தைக்குப் போகும் எவரையும் கண்டு அஞ்சாது.

உண்மையைச் சொல்வது என்றால் எல்லாவற்றையும் சொல்வது என்று பொருளன்று. கேட்ட அளவுக்குச் சொன்னாற் போதும். சிறிய வாய்க்குச் சிறிய கவளம். மூன்று வயதுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டு, அரை விடை கேட்டு, மிகுதியைக் கேளாமலே விளையாட ஓடிவிடும். ஓடிய பிள்ளையைக் கூப்பிட்டு மிகுதியைச் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் "அப்பா வெளிநாட்டிலை" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் உளர். சொன்னவர்கள் கொடியவர் அல்லர். எதைச் சொல்வது என்று அறியாத இருபத்தைந்து வயதுத் தாய்மார். ஆயினும் தந்தையை இழந்தவரே பிடிக்கும் ஆடி அமாவாசை விரதம் ஆண்டுதோறும் வரும். கீரிமலையிலே ஒத்த வயதுப் பையன்கள் பிதிர்க்கடன் செய்வதைக் கண்டு வந்து, "நான் ஏன் பிடிக்கிறேல்லை?" என்று அவன் கேட்பான். அல்லது ஊரார் யாரோ ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிடுவர். தந்தையின் மரணத்தை வீதியிலே அறிந்துகொண்ட பிள்ளைக்கு அன்று இரண்டு இழப்பு. தந்தை ஒன்று, இத்தனை ஆண்டும் நம்பியிருந்த தாயின் சொல் மற்றொன்று.

கணவன் காணாமற் போனவளின் நிலை இன்னும் கடினமானது. அவளுக்கே தெரியாது. விரதம் பிடிப்பதா, பொட்டு வைப்பதா என்பதும் தெரியாது. "அப்பா வருவார்" என்றாலும் பொய்யாகலாம், "வரமாட்டார்" என்றாலும் பொய்யாகலாம். அவளிடம் இருக்கும் உண்மை "தெரியாது பிள்ளை, அம்மாவும் தேடிக்கொண்டுதான் இருக்கிறன்" என்பது ஒன்றே. பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருக்கும். பிறகு, "தேடப் போகேக்கை என்னையும் கூட்டிக்கொண்டு போவியளா?" என்று கேட்கும்.